குரல்: எர்மெஸ் ஃபெலெத்தி

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏமாந்துபோன ஆத்திரத்தில் கிடைத்தது.

இத்தாலியில் காயலோர ஊரான கொமாக்கியோவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கால்வாய்க் கரையோரம் பழைய சாமான் சந்தை கூடும். அங்கே ஓர் இசைத்தட்டு வாங்கினேன். அட்டையில் ஒரு விலாங்கு மீன் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ரயிலுக்குக் காத்திருந்தது. (எழுபதுகளின் இத்தாலிய ராக் குழுக்களின் அட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது மிகவும் அடக்கமான படம் என்று தெரியும்.) குழுவின் பெயர் 'தபால் நிலையத்தின் இரண்டாம் கதவு'. தொகுப்பின் பெயர் 'விலாங்குகள் கடலுக்குத் திரும்புகின்றன'. பின்னட்டையில் புல்லாங்குழல் லெயார்கோ என்றும் பியானோ யோலே என்றும் போட்டிருந்தது. எல்லாருக்கும் மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில்: 'குரல்: எர்மெஸ் ஃபெலெத்தி'.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். குழல் ஒன்றைக் கேட்க, பியானோ யோசித்துப் பதில் சொன்னது. பிறகு இரண்டும் சேர்ந்து எதற்கோ கோபித்துக்கொண்டு ஏழு தட்டுத் தாளத்தில் ஓடின. அழகான இசை. ஆனால் குரல் இல்லை. தட்டைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் இல்லை. ஒரு 'லா லா லா' கூட இல்லை.

அடுத்த ஞாயிறு தட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

"அண்ணே, இந்தத் தட்டுல கோளாறு இருக்கு. பாட்டே வரல."

கடைக்காரர் பெரியவர். தலையில் இல்லாத முடிக்கெல்லாம் சேர்த்து மீசை வைத்திருந்தார். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. அந்தக் குரல் நான்தான்."

"குரலே இல்லையே அண்ணே?"

"ஆமா. அதுதான் நான்." பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியவர்போல், "எப்படி இருந்துச்சு?" என்றார்.

இதற்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியும்? "நல்லா இருந்துச்சு" என்றேன். அவர் விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலிகளில் ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

2

அவர் சொன்னதை எழுத ஆரம்பித்துக் கைவிட்ட வரிகளை இங்கேயே விட்டுவைக்கிறேன்.

காயலின் மேல் பனிமூட்டம் ஒரு நனைந்த கம்பளியைப் போல

[வேண்டாம். இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாருமே பனிமூட்டத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். இங்கே வெயிலும் அடிக்கும்.]

மௌனம் என்பது இசையின்

[இந்த வரியை முடித்திருந்தால் நீங்கள் இந்நேரம் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். நியாயம்தான்.]

எர்மெஸிடம் ஒரு வேன் இருந்தது.

[இது பரவாயில்லை. போகலாம்.]

எர்மெஸிடம் ஒரு வேன் இருந்தது. உண்மையில் அது அவன் அப்பா ப்ரீமோவுடையது. ப்ரீமோ விலாங்கு வியாபாரி. காயலில் பிடித்த விலாங்குகளை உயிரோடு ஃபெராரா வரைக்கும் கொண்டுபோய் விற்பார். ஞாயிற்றுக்கிழமை வேன் சும்மா நிற்கும். அன்று அதில் யோலேயின் பியானோ ஏறும். எவ்வளவு கழுவினாலும் வேனின் வாடை போகாது. அந்தக் குழு வாசித்த எந்த மண்டபத்திலும் முதல் வரிசைக்காரர்கள் கொஞ்ச நேரம் மூக்கைச் சுளித்துவிட்டுத்தான் இசைக்குள் போனார்கள்.

யோலே எர்மெஸின் தங்கை. லெயார்கோ அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். ஆகவே எர்மெஸுக்கு அவன் மச்சான். டிரம்ஸ் வாசித்தவனும் கிட்டார்காரனும் உண்டு. ஆனால் அவர்கள் இந்தக் கதை முழுக்க ஒன்றும் பேசப்போவதில்லை. நிஜத்திலும் பேசவில்லை என்று எர்மெஸ் சொல்கிறார்.

பாடகன் எர்மெஸ்தான். பாட்டு எழுதியதும் அவன்தான். விலாங்கு ஒன்று காயலை விட்டுக் கடலுக்குப் போகும்போது பாடுகிற நெடும்பாட்டு. 'நான் வழுக்குகிறேன், ஆதலால் இருக்கிறேன்' என்று அது தொடங்கும்.

[எர்மெஸ் இதைப் படித்துவிட்டு, "முழுப் பாட்டையும் போடு தம்பி" என்றார். கதை நீண்டுவிடும் என்றேன். "நீயும் எங்க குழு ஆளுங்க மாதிரியே பேசுற" என்றார்.]

3

1973ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எர்மெஸுக்கு டான்சில் வீங்கி அறுவை நடந்தது. தொண்டை ஆறும்வரை ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒத்திகை நிற்கக் கூடாதே என்று லெயார்கோ அவன் பாட வேண்டிய மெட்டைக் குழலில் வாசித்து இடத்தைக் காத்தான். பேருந்தில் இடம் போட்டுவைக்கத் துண்டு விரிப்பார்களே, அதுபோலத்தான். வேறு எண்ணம் இல்லை.

ஆனால் துண்டு உட்கார்ந்துவிட்டது.

குழல் அந்த மெட்டை எடுத்தபோது யோலே பியானோவில் இதுவரை தோன்றாத பதில்களைக் கொடுத்தாள். கழுத்தில் மஃப்ளருடன் மூலையில் உட்கார்ந்து தேன் கலந்த பாலைக் குடித்துக்கொண்டிருந்த எர்மெஸுக்கும் அது கேட்டது. மிக அழகாக இருந்தது. தன் மெட்டு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. எழுந்து போய் இருவரையும் கட்டிப்பிடித்தான். பேச முடியாததால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

தொண்டை ஆறிய பிறகு வந்து மைக்கின் முன்னால் நின்றான்.

"இன்னும் ஒரு வாரம் போகட்டும் அண்ணா" என்றாள் யோலே. "தையல் பிரிஞ்சுடப் போகுது."

"தையலே போடலையே."

"அப்போ இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்."

யோலேயைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன். அண்ணனை ஓரங்கட்டும் தங்கை; கதைக்கு வசதியான பாத்திரம். அவள் ஒத்துழைக்கவில்லை. அந்த நாட்களில் அவள் பியானோ மூடியைச் சாத்திவிட்டுக் கழிவறையில் போய் அழுதிருக்கிறாள். நல்லவளாகவும் எழுதிப் பார்த்தேன். அதற்கும் மசியவில்லை, ஏனென்றால் அழுதுவிட்டு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழலோடு சேர்ந்து அதே மெட்டைத்தான் மறுபடி வாசித்தாள். அவளுக்கு அண்ணனும் வேண்டும், அந்த இசையும் வேண்டும். இரண்டில் எது என்று யாரும் கேட்டுவிடாமல் இருக்க வேண்டும்.

4

வசந்தத்தில் பொலோன்யாவில் ஒலிப்பதிவு. முன்பு தக்காளிச் சாறு டப்பாவில் அடைத்த தொழிற்சாலை, இப்போது ஸ்டூடியோ. எர்மெஸ் பியானோவை இறக்கிவைத்தான், ஒயர்களைச் சுருட்டினான், எல்லாருக்கும் காப்பி வாங்கி வந்தான்.

"மச்சான், என் முறை எப்ப?"

"குரல் எப்பவும் கடைசியில்தான் மச்சான் பதிவாகும்" என்றான் லெயார்கோ. "வீடு கட்டி முடிச்ச பிறகுதானே வெள்ளையடிக்கிறோம்."

மறுநாளும் இதையே கேட்டான். அதற்கடுத்த நாளும் கேட்டான். லெயார்கோவும் யோலேயும் தண்ணீர்க் குழாய் அருகில் நின்று கிசுகிசுத்துக்கொண்டார்கள்.

"நீ சொல்லு."

"உங்க அண்ணன்தானே, நீ சொல்லு."

"அவன் மெட்டைத் திருடினது யாரு? நீதானே சொல்லணும்?"

"நான் எங்க திருடினேன்? இடம் போட்டு வெச்சேன்!"

"வெச்சவன் எந்திரிச்சிருக்கணும்ல!"

சொன்னது மூன்றாம் ஆள். இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து டாக்டர் மன்ஃப்ரீனி வந்தார். (அவர் எந்த வைத்தியமும் படித்தவர் அல்லர், டை கட்டியவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) கண்ணை மூடி முழுவதையும் கேட்டார். முடிந்ததும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

"பிரமாதம். அப்படியே அச்சடிச்சுடலாம்."

"டாக்டர், இன்னும் பாட்டு இருக்கு" என்றான் எர்மெஸ்.

"பாட்டா? எங்க?"

"மேல."

"மேலயா? தம்பி, இதுக்கு மேல ஒரு ஈ உக்கார இடம் இல்லையே. நீங்க யாரு, வேன் டிரைவரா?"

எர்மெஸ் தங்கையைப் பார்த்தான். யோலே பியானோ கட்டைகளைப் பார்த்தாள். மச்சானைப் பார்த்தான். மச்சான் குழலைப் பிரித்துத் துடைக்கத் தொடங்கினான். அந்தக் குழலை அவன் சற்று முன்தான் துடைத்திருந்தான்.

"எப்பலேந்து?" என்று கேட்டான் எர்மெஸ்.

"நீ தேன் பால் குடிச்ச அன்னிலேந்து" என்றாள் யோலே. "அண்ணா, நீயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினியே."

எர்மெஸ் வெளியே போனான். வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. லெயார்கோவுக்குக் கவலையில்லை, குழலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறிவிடலாம். யோலே பியானோவின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு நொடி இதை எப்படி ஊருக்குக் கொண்டுபோவது என்று யோசித்தாள். அப்படி யோசித்ததற்காகத் தன்னையே வெறுத்தாள்.

[இந்த இடத்தில் எர்மெஸ் ஒரு மேம்பாலத்தில் வேனை நிறுத்திக் கீழே ஓடும் தண்ணீரை வெறித்துப் பார்ப்பதாக ஒரு பத்தி இருந்தது. அவரிடம் படித்துக் காட்டினேன். "நான் எதுக்குத் தம்பி தண்ணியப் பாக்கணும்? காயல்ல பொறந்தவன் நான்" என்றார். அடித்துவிட்டேன்.]

எர்மெஸ் திரும்பி வந்தபோது கையில் ரொட்டியும் மொர்த்தாதெல்லா இறைச்சித் துண்டுகளும் இருந்தன. எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்தான். டாக்டர் மன்ஃப்ரீனிக்கும் கொடுத்தான்.

"சரி" என்றான். "பாட்டு வேணாம். ஆனா அட்டையில குரல்னு என் பேர் இருக்கணும்."

"குரலே இல்லாம எப்படிங்க?"

"எங்கப்பா ரெக்கார்டு பிளேயர் வாங்கிட்டாரு டாக்டர். என் பாட்டைக் கேக்கத்தான் வாங்கியிருக்காரு."

டாக்டர் மன்ஃப்ரீனி நல்ல மனிதர். வாயில் ரொட்டி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

5

இதற்குப் பிறகு நடந்ததை நான் கற்பனை செய்யவில்லை. என் கற்பனைக்கு இவ்வளவு தைரியம் கிடையாது.

தொகுப்பு வந்து சில வாரங்களில் மிலானோ பத்திரிகை ஒன்றில் விமர்சனம் வந்தது. விமர்சகர் குழலை ஒரு வரியிலும் பியானோவை ஒரு வரியிலும் பாராட்டிவிட்டு, மீதிப் பக்கம் முழுவதையும் எர்மெஸுக்கு ஒதுக்கியிருந்தார். 'இந்த நாட்டில் இதுவரை யாரும் இவ்வளவு உருக்கமாகப் பாடாமல் இருந்ததில்லை' என்று எழுதினார். தட்டின் முதல் பக்கத்தில் எர்மெஸ் தயங்குகிறார் என்றும் இரண்டாம் பக்கத்தில் அவருடைய மறுப்பு முழு உயரத்துக்கு எழுகிறது என்றும் விளக்கினார்.

விற்பனை ஏறியது. கச்சேரிகளுக்கு அழைப்பு வந்தது. வேனை ஓட்டிக்கொண்டு போனோமா, பியானோவை இறக்கினோமா என்று எர்மெஸ் இருந்துவிட முடியவில்லை. கூட்டம் அவனைத்தான் கேட்டது. ஆகவே நடு மேடையில், மைக்கின் முன்னால், கச்சேரி முழுக்க வாயை மூடிக்கொண்டு நின்றான். மைக் நிஜமாகவே இணைக்கப்பட்டிருந்தது. அதற்கு எதிரொலி எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஒலிக்காரர்கள் ஒவ்வோர் ஊரிலும் கவலையோடு கேட்டார்கள்.

ரவென்னாவில் அவன் ஒருமுறை தும்மிவிட்டான். பாதிப் பேர் எழுந்து கைதட்டினார்கள். மீதிப் பேர், வியாபாரத்துக்காகத் தரத்தைக் குறைத்துக்கொண்டான் என்று வெளிநடப்புச் செய்தார்கள். மோதெனாவில் ஒரு தொழிற்சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அவன் யாருக்கு ஆதரவாகப் பாடாமல் இருக்கிறான் என்பதைத் தெளிவுபடுத்தச் சொன்னார்கள். பாதிரியார்களும் அதையே கேட்டார்கள்.

குழுவுக்குள்ளும் பேச்சு மாறிவிட்டது.

"மச்சான், நேத்து ரெண்டாவது பக்கத்துல நீ கொஞ்சம் அதிகமாவே பாடாம இருந்துட்ட" என்றான் லெயார்கோ. "என் குழல் அமுங்கிப்போச்சு."

"நான் எப்பவும் போலத்தானே நின்னேன்?"

"இல்ல, உதட்டைக் கடிச்ச. எல்லாரும் உன் உதட்டையே பாத்தாங்க. அந்த ஏழு தட்டுத் தாளத்தை வாசிக்கிறதுக்குள்ள எனக்கு உசுரு போகுது, நீ உதட்டைக் கடிச்சுக் கைதட்டல் வாங்கிட்டுப் போற."

எர்மெஸ் சிரித்தான். டான்சில் போன பிறகு அவன் சிரித்த முதல் நாள் அதுதான். ஆனால் வேனில் தனியாக ஓட்டிவரும்போது, ஜன்னலை ஏற்றிவிட்டு, விலாங்கின் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடிக்கொண்டு வந்தான். பின்னால் வெறும் தொட்டிகள் குலுங்கின. குரல் போகவில்லை. இன்னும் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தொல்லை.

6

இனி ப்ரீமோ.

தொகுப்பு வந்த அன்று சாப்பாட்டு மேசையைச் சுத்தமாகத் துடைத்து, புது ரெக்கார்டு பிளேயரை அதன் மேல் வைத்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எர்மெஸ் வாசலில் நின்றான். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கமும் முடிந்தது. ஊசி நடுவில் போய்ச் கரகரவென்று உரசிக்கொண்டிருந்தது.

"உன் பாட்டு எங்கடா?"

"உள்ள இருக்குப்பா."

பொய் சொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. வாயில் அதுதான் வந்தது. ப்ரீமோ மறுபடி ஊசியை வைத்தார். இந்த முறை காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக்கொண்டார். விலாங்குத் தொட்டியின் மூடியில் காதை வைத்து உள்ளே எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கணிப்பவர் அவர். கேட்டு முடித்து நிமிர்ந்தார்.

"ஆமா. இருக்கு."

மறுநாள் மீன் சந்தையில் எல்லாரிடமும் சொன்னார்: பையன் பின்னால் நின்று பாடுகிறான், அவசரப்பட்டால் கேட்காது. சந்தைக்காரர்கள் வாங்கிப்போய்க் கேட்டார்கள். சிலருக்குக் கேட்டது. கேட்காதவர்கள் வெளியில் சொல்லவில்லை.

[இந்தக் கதையில் நான் சந்தேகப்பட்ட பாத்திரம் ப்ரீமோதான். நிஜமாகக் கேட்டாரா, மகனுக்காகச் சொன்னாரா? எர்மெஸிடம் கேட்டேன். "அந்தத் தைரியம் எனக்கே வரல, உனக்கு எதுக்குத் தம்பி?" என்றார்.]

இலையுதிர் காலத்தில் விலாங்குத் திருவிழா. ஊர்ச் சதுக்கத்தில் பிற்பகல் கச்சேரி. முதல் வரிசையில் ப்ரீமோவுக்கு நாற்காலி. பியானோவை மேடையில் ஏற்றிவைத்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்ட எர்மெஸ் தங்கையிடம் சொன்னான்:

"இன்னிக்குப் பாடப் போறேன்."

யோலே விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"எங்க பாடுவ அண்ணா? இடமே இல்லையே."

"ரெண்டாவது பக்கத்துல, உன் பியானோ தனியா வந்து முடிஞ்சதும் லெயார்கோ மூச்சு வாங்குவான்ல, அங்க."

"அது ஒரு மூச்சு நேரம்தான்."

"எனக்கு ஒரு மூச்சு போதும்."

"மிலானோலேந்து ஆளுங்க வந்திருக்காங்க. கெட்டுப்போயிடும்."

"கெட்டுப்போகட்டும். எங்கப்பா பெட்டில காதை வெச்சுக் கேட்டாருடி."

"எனக்கும் அப்பாதான்" என்றாள் யோலே.

7

முடிவுகள். இரண்டு எழுதினேன்.

முதல் முடிவில் எர்மெஸ் பாடுகிறான். மிலானோ விமர்சகர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், கூட்டம் கத்துகிறது, ஆனால் அப்பா அழுகிறார். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. கண் கலங்கினால் சந்தேகப்பட வேண்டும். கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவில் எர்மெஸ் கடைசி நொடியில் பாடாமல் இருந்துவிடுகிறான். உண்மையான பாட்டு அதுதான் என்று எல்லாருக்கும் புரிகிறது. இது அந்த மிலானோ விமர்சகர் எழுதியிருக்க வேண்டிய முடிவு. அவருக்கே கொடுத்துவிட்டேன்.

நடந்ததைப் பற்றிக் கிடைத்த சாட்சியங்களைச் சொல்கிறேன். லெயார்கோ சத்தியம் செய்கிறான்: ஒரு சத்தமும் வரவில்லை, பக்கத்தில் நின்றவன் நான். யோலே சத்தியம் செய்கிறாள்: பாடினான், கோபுரத்துப் புறாக்கள் பறந்தன. புறாக்கள் மணியோசைக்குப் பறந்தன என்கிறான் லெயார்கோ. கல்யாணமாகி இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அவர்கள் வீட்டில் இந்தச் சண்டை ஓயவில்லை. (அந்தக் கல்யாண விருந்தில் எர்மெஸ் பாடினார். விலாங்கின் பாட்டை முழுவதுமாக, திரும்பத் திரும்ப, மணமகனே கைகூப்பிப் போதும் என்று கெஞ்சும் வரைக்கும். இதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.)

எர்மெஸிடமே கேட்டேன். "அன்னிக்குப் பாடினீங்களா அண்ணே?"

வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெண்மணி பழைய மின்விசிறி ஒன்றைத் தூக்கிப் பிடித்து, இது ஓடுமா என்று கேட்டுவிட்டாள். அவர் எழுந்து போய்விட்டார்.

ஆகவே எனக்குத் தெரிந்த கடைசி இடம் வரைக்கும் உங்களைக் கொண்டுபோய் விடுகிறேன். யோலேயின் தனி வாசிப்பு முடிகிறது. லெயார்கோ மூச்சு வாங்கக் குழலை இறக்குகிறான். எர்மெஸ் மைக்கை நோக்கி ஓர் அடி வைப்பதை அவன் பார்க்கிறான். குழலை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோக வேண்டியவன் கொண்டுபோகவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறான். யோலே கைகளைக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். டிரம்ஸ்காரன்கூட நிறுத்திவிட்டான். ஒரு மூச்சுக்கு இருந்த இடம் இப்போது வேண்டிய மட்டும் திறந்து கிடக்கிறது. சதுக்கத்தில் விலாங்கு சுடுகிற கரியின் சடசடப்பு மட்டும். முதல் வரிசையில் ப்ரீமோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். பின்னாலிருந்து யாரோ "உக்காருய்யா, மறைக்குது" என்கிறார்கள். எர்மெஸ் வாயைத் திறக்கிறான்.

[                                        ]

அடைப்புக்குறிக்குள் இருப்பது உங்கள் இடம். பென்சிலால் எழுதுங்கள், மனம் மாறலாம். புறாக்கள் வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். என்ன எழுதினாலும் சரி, எழுதாமல் விட்டாலும் சரி, அடுத்த வரி மாறாது. அதை மூன்று பேருமே என்னிடம் தனித்தனியாக, ஒரே மாதிரி சொன்னார்கள். திருவிழா முடிந்து வேனில் வீடு திரும்பும்போது ப்ரீமோ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாலம் தாண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த தடவை கொஞ்சம் தாழ்த்தி எடுடா."